பதினாறு கட்டத்துக்குள் அடங்காத கண்டி

1980இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டி.ஆர்-808 என்றொரு தாளப்பெட்டியை விற்பனைக்கு விட்டது. அதன் கீழ் விளிம்பில் வரிசையாக 16 பொத்தான்கள்: நான்கு சிவப்பு, நான்கு செம்மஞ்சள், நான்கு மஞ்சள், நான்கு வெள்ளை. ஒரு பொத்தானை அழுத்தி வைத்தால் அந்த இடத்தில் அடி விழும். அழுத்தாமல் விட்டால் மௌனம். சிறு விளக்கு இடமிருந்து வலமாக ஓடிப்போய் மறுபடி முதல் பொத்தானுக்கு வரும். மூன்றே வருடத்தில் பெட்டியின் உற்பத்தி நின்றுவிட்டது. பதினாறு கட்டம் நிற்கவில்லை. கண்டியிலிருந்து கலஹாவுக்குப் போகும் பஸ்ஸின் பின்சீட்டில் ஒரு பையன் போனை எடுத்து இசை அமைக்கும் செயலி ஒன்றைத் திறந்தால், பெரும்பாலும் அவன் முன் விரிவது அதே கட்டம்தான். நிறம் கூடியிருக்கும், பொத்தான்கள் பொம்மைகளாகியிருக்கும். கணக்கு அதே நாலு நாலு பதினாறு.

இந்த வடிவம் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு அழகு ஒரு காரணமாக இருக்கலாம். பெரிய காரணம் தாமதம். தொடுதிரையில் விரல் பட்ட கணத்திலேயே ஒலி வருவதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் விரல் பட்டதைத் திரை உணர வேண்டும், இயங்குதளம் அதைச் செயலிக்குச் சொல்ல வேண்டும், செயலி ஒலியை எடுத்து வரிசையில் விட வேண்டும், அதன் பிறகே ஸ்பீக்கர் அதிரும். டேவிட் வெசல், மத்தியூ ரைட் என்ற கணினி இசை ஆய்வாளர்கள் இருவர் 2002இல் ஒரு வரம்பு சொன்னார்கள்: கைக்கும் காதுக்கும் இடையில் 10 மில்லிசெக்கனுக்கு மேல் போகக்கூடாது. நம் ஊரில் பெரும்பாலானோர் கையில் இருக்கும் மலிவு விலை அன்ட்ரொய்ட் போன்கள் இந்த வரம்பைப் பல மடங்கு தாண்டுபவை. கூகிள் 2018இல் ஓபோ என்ற நிரல் நூலகத்தை வெளியிட்டதே இந்தச் சுணக்கத்தைக் குறைக்கத்தான். புளூடூத் இயர்போன் மாட்டினால் நிலைமை இன்னும் மோசம். மேளம் அடித்துப் பழகிய கை இதை உடனே கண்டுபிடித்து, போனைக் கீழே வைத்துவிடும். கட்டத்தில் விரல் வைப்பவருக்கு இது தெரிவதே இல்லை. அவர் இப்போது அடிக்கவில்லை. அடுத்த சுற்றில் விழவேண்டிய அடிக்கு இடம் பிடித்து வைக்கிறார். அதற்குள் போன் ஆற அமரத் தயாராகிவிடும்.

கருவியின் பலவீனத்தை மறைக்க உதவிய ஒரு திரை, இசைக்கே இலக்கணம் என்பதுபோல ஆகிவிட்டது. இதைச் சந்தேகப்படுவதற்குக் கண்டியை விடப் பொருத்தமான ஊர் குறைவு.

கண்டியின் தலதா மாளிகையில் அதிகாலை, முற்பகல், மாலை என்று நாளுக்கு மூன்று தேவாவ பூசை. மூன்று வேளையும் ஹேவிசி ஒலிக்கும்: ஒரு பக்கம் கோலாலும் மறு பக்கம் கையாலும் அடிக்கும் தவுல, இரு குச்சிகளால் அடிக்கும் இரட்டைத் தம்மெட்டம, மேலே ஹொரணெ என்ற குழல். நடனத்துக்கும் பெரஹெரா ஊர்வலத்துக்கும் இடுப்பில் கட்டி இரு கையாலும் வாசிப்பது கெட்ட பெரய. அதன் மூலச் சொற்கள் நான்கு: தத், ஜித், தொங், நங். மிருதங்க வகுப்பில் முதல் நாள் 'தா தி தொம் நம்' சொல்லிப் பழகியவர்களுக்கு இது தூரத்துச் சொந்தக்காரரைச் சந்தையில் கண்டதுபோல இருக்கும்.

பாடசாலைகளில் சிங்களத் தாளத்தை இப்படிக் கற்பிக்கிறார்கள்: சுளு தித என்றால் 2 மாத்திரை, மெதும் தித 3, மஹ தித 4. இரண்டை இணைத்தால் தெதித. சுளுவும் மெதுமும் சேர்ந்தால் 2+3, மெதுமும் மஹவும் சேர்ந்தால் 3+4. நமக்குத் தெரிந்த கண்டசாபு, மிஸ்ரசாபுவின் சாயல். இந்த ஐந்தைப் பதினாறு கட்டத்தில் போட்டுப் பாருங்கள்: மூன்று சுற்று முடிந்ததும் ஒரு கட்டம் அநாதையாக நிற்கும். ஏழைப் போட்டால் இரண்டு. ஒளி முதலுக்குத் திரும்பும்போது தாளம் நடுவழியில் அறுபடும்.

எண்ணிக்கையை மாற்றினால் தீராதா? பல செயலிகளில் மாற்றலாம். ஆனால் விஷயம் அதைவிட ஆழமானது. ஈஷாந்த பீரிஸ் என்ற இலங்கை இசை ஆய்வாளர் 2018இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேடு மலைநாட்டு மேள இசையைப் பற்றியது. மேள வாத்தியக்காரர்கள் முன்பு தாளத்தை நெளிந்து போகும் கோடாகவே மனதில் வைத்திருந்தார்கள், சம மாத்திரைச் சுற்றாக எண்ணும் வழக்கம் பின்னாளில் வந்தது என்பது அதன் வாதம். அதாவது தித என்ற கணக்கே பிற்காலத்தில் தைத்த சட்டை. பெரயவை நேரில் கேட்டால் இது விளங்கும். சில இடங்களில் அடி சற்று இழுபடும், அடுத்தது அதை ஈடுசெய்ய ஓடி வரும். அந்த இழுப்பைச் செயலியின் மொழியில் பிழை என்பார்கள். கட்டத்தோடு ஒட்டவைத்துத் 'திருத்தி' விடுவார்கள்.

நீர்த்துளியில் இசை

விளையாட்டும் படமுமாக இசை அமைக்கும் திரை எப்படி இருக்கலாம் என்பதற்கு நான் இன்றும் முதலில் சொல்வது ஜப்பானியக் கலைஞர் தோஷியோ இவாயின் எலெக்ட்ரோபிளாங்டன். 2005இல் நிந்தெண்டோவின் கையடக்கக் கருவிக்காக வந்தது. பத்து வகை நுண்ணுயிர்கள், பத்து வகை விளையாட்டு. அதில் ஹானென்போ என்றொரு வகை: தண்ணீரிலிருந்து சிறு உயிர்கள் துள்ளிப் பாய்ந்து ஒரு செடியின் இலைகளில் மோதும். மோதும் ஒவ்வொரு இலையும் ஒரு சுரம். நீங்கள் செய்வது பெரும்பாலும் இலையின் சாய்வை மாற்றுவதே. இலை சாய்ந்தால் துள்ளல் வேறு பக்கம் தெறிக்கும், மெட்டு மாறும். அடி படப்பட இலை சிவக்கும். சுரம், தாளம் என்ற சொற்கள் திரையில் எங்குமே இல்லை. ஆனாலும் விளையாடுபவர் ஒரு விதியைக் கற்றுக்கொள்கிறார்: எறிந்த பொருள் எந்தக் கோணத்தில் தெறிக்கும் என்ற, கல்லெறிந்து விளையாடிய எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த விதி.

இங்கேதான் நல்ல திரைக்கும் வெறும் அலங்காரத் திரைக்கும் உள்ள வேறுபாடு. பொத்தானுக்கு யானைப் படம் ஒட்டுவது அலங்காரம். யானை நடப்பதால் ஒலி பிறந்தால், வேகமாக நடக்கவைத்தால் ஒலியும் மாறினால், அது விளையாட்டு. 2008இல் ஐபோனுக்கு வந்த ஒக்கரினாவில் திரையில் இருப்பவை நான்கு துளைகள் மட்டுமே. மைக்கில் ஊதினால் ஒலி வரும், போனைச் சாய்த்தால் கமகம் போல அசையும். செய்தவர் கீ வாங். அதே வருடம் பிரையன் ஈனோவும் பீட்டர் சில்வர்ஸும் செய்த புளூம் இன்னும் எளிது: தொட்ட இடத்தில் ஒரு வட்டம் விரிந்து மங்கும், தொட்ட சுரம் சற்று நேரத்தில் மறுபடி வரும். பிழையான சுரம் வரவே வழியில்லை. மோகன ராகத்தில் ஐந்து சுரத்துக்குள் குழந்தை எதைத் தட்டினாலும் காதுக்கு உறுத்தாது அல்லவா, அந்த மாதிரி. எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. பிழையே வராத இடத்தில் கை பழகுவதில்லை. கண்டி நடனம் கற்கும் பிள்ளை பா சரம்ப என்ற பன்னிரண்டு காற்பயிற்சிகளைக் கால் வலிக்க மிதித்துத்தான் மேலே போகிறது. பத்து நிமிடத்தில் மகிழ்ச்சியைத் தந்துவிட்டு, பதினோராவது நிமிடத்தில் சொல்லித்தர எதுவுமில்லாத செயலிகளே சந்தையில் அதிகம்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த உலகம் வேறு வழியாக வந்து சேர்ந்தது. பிரான்சில் 2009இல் தொடங்கிய இன்கிரெடிபொக்ஸில் வாயால் தாளம் போடும் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். ஒரு சின்னத்தை இழுத்து ஒருவர் மேல் போட்டால் அவர் உடுப்பு மாறி, அதற்குரிய ஒலியைத் தொடங்குவார். அதன் இரசிகர்கள் திருத்திச் செய்த ஸ்பிரங்கி 2024இல் உலகமெங்கும் பரவியது. கறுப்புத் தொப்பியைப் போட்டால் எல்லாரும் பேயாகிவிடும் கதை உங்கள் வீட்டு எட்டு வயதுக்காரருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். பெற்றோருக்கு அந்தப் பேய்தான் கண்ணில் படுகிறது. எனக்கு அந்தத் தொப்பி பிடிக்கிறது: ஒரே செயலில் ஒலி மொத்தமும் நிறம் மாறுகிறது, ஏன் மாறியது என்பது பார்த்தவுடன் விளங்குகிறது.

நம் பக்கத்து இசையை எடுத்துக்கொண்டு உலகத் தரத்தில் திரை செய்தவர்களும் இருக்கிறார்கள். புனேயைச் சேர்ந்த ஹிந்துஸ்தானிப் பாடகரும் மென்பொருள் பொறியியலாளருமான சந்தீப் ரானடேயின் நாத்சாதனா 2021இல் அப்பிள் வடிவமைப்பு விருது பெற்றது. பாடினால் செயலி கேட்டு, கூடவே பக்கவாத்தியம் தரும். சுருதி எவ்வளவு நெருங்கியது என்பதைத் திரை காட்டும். அது பயிற்சிக்கான கருவி, பாடத் தெரிந்தவருக்கு. அதன் அடித்தளம் முக்கியம்: இசையை முதலில் கேட்டு, அந்த இசைக்கு என்ன திரை வேண்டும் என்று பிறகு யோசித்திருக்கிறார்.

கண்டிக்கு ஒன்று செய்தால்

என்னிடம் கேட்டால் வாயிலிருந்து தொடங்குவேன். மேளம் கற்பவர் தோலைத் தொடும் முன் சொல்லைச் சொல்லிப் பழகுகிறார். எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் எரிக் ரோசன்பாமும் ஜே சில்வரும் செய்த சிங்கிங் ஃபிங்கர்ஸ் செயலியில் பேசிக்கொண்டே திரையில் விரலால் கோடு இழுத்தால் குரல் கோடாகப் பதியும். பிறகு கோட்டைத் தடவினால் அதே குரல் திரும்பி வரும். (வாழைப்பழத்தைப் பியானோக் கட்டையாக்கும் மேக்கி மேக்கியைப் பின்னர் செய்ததும் இவர்களே.) அந்த வழியில் பிள்ளை போனிடம் 'தத் தொங்' என்று சொல்லட்டும், போன் பெரயவின் அடியாக அதைத் திருப்பித் தரட்டும். நான்கு சொல்லைப் பிரித்தறிவது மலிவுப் போனுக்கும் பெரிய வேலை இல்லை. தத்தும் ஜித்தும் வல்லினத்தில் முடிந்து பட்டென்று அறுபடுகின்றன. தொங்கும் நங்கும் மெல்லினத்தில் முடிந்து மூக்கில் இழுபடுகின்றன. ஒலி அறுந்ததா, நீண்டதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. மீதியை உயிரெழுத்தும் முதலெழுத்தும் சொல்லிவிடும்.

அந்தச் சொற்களுக்கு உருவம்? கூரான வடிவத்தையும் உருண்ட வடிவத்தையும் காட்டி எது 'கிக்கி', எது 'பூபா' என்று கேட்கும் பழைய சோதனை ஒன்று உண்டு. வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹபார்டும் 2001இல் எழுதிய கட்டுரைக்குப் பின் அது பிரபலமானது. அமெரிக்க மாணவர்களும் தமிழ் பேசுவோரும் மிகப் பெரும்பான்மையாக ஒரே விடையைச் சொன்னார்கள்: கூரானது கிக்கி. ஆகவே தத்துக்கு முள், தொங்குக்குக் குமிழ். எழுத்தே வேண்டாம். மும்மொழியிலும் பெயர்ப்பலகை எழுதிவைத்த ஊரில், ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் மூவரும் ஒரே திரையைப் படிக்க இதுவே வழி.

அடுத்தது சுற்று. நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் குரூவ் பீட்சா தாளத்தை வட்டமாக்கி, பீட்சாத் துண்டுகளாக வெட்டுகிறது. துண்டுகளின் எண்ணிக்கையை மாற்றலாம், ஆனால் எல்லாம் சமத் துண்டு. கண்டிக்கு வேண்டியது துண்டுகள் சமமில்லாத வட்டம். இரண்டு விரலால் ஒரு துண்டைப் பிடித்து அகட்டினால் அந்த அடி இழுபட வேண்டும், பக்கத்துத் துண்டு நெருங்க வேண்டும். இழுப்பைக் கண்ணால் காணலாம், கையால் உணரலாம். 2+3ஐயும் 3+4ஐயும் உள்ளும் புறமுமாக இரு வளையங்களாகச் சுழலவிட்டால் எங்கே சந்திக்கின்றன, எங்கே பிரிகின்றன என்று பிள்ளை தானே பார்த்துக்கொள்ளும். வளைய வளையமாகச் செதுக்கும் மரபு சந்திரவட்டக்கல்லில் ஏற்கெனவே இருக்கிறது. பூவேலைக்கும் விளிம்புக்கும் ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை நூலைத் திறந்தால் போதும்; இணையத்தில் காசுக்கு விற்கும் யானைச் சின்னம் தேவைப்படாது.

வளையம் ஒரு மேளத்துக்கு. முழு இசைக்கு என்ன செய்வது? பெரஹெராவை அப்படியே திரையாக்கலாம். கட்டத்தில் ஒளி ஓடும், ஒலி நிற்கும். பெரஹெராவில் கேட்பவர் நடைபாதையில் பாயை விரித்து உட்கார்ந்திருக்க, இசை அவரைக் கடந்து போகிறது. முதலில் கச என்ற சவுக்கை அடிப்பவர்கள், பின்னால் கொடிகள், மேளம், நடனம், யானை. தலதா மாளிகை, நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்கள் என்று ஐந்து பெரஹெரா ஒன்றன்பின் ஒன்று. கதிர்காம தேவாலயத்தோடு வரும் காவடியை நம்மவர்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள். செயலியில் குழுக்களை வீதியில் வரிசைப்படுத்துவதே இசையமைப்பு. நெருக்கி நிறுத்தினால் தாளங்கள் மோதும், தள்ளி நிறுத்தினால் ஒன்று மங்க மற்றது எழும்.

வேறொரு வசதியும் இதில் உண்டு. ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர்தான் போகும். 34 மீற்றர் தள்ளி நிற்கும் குழுவின் அடி செக்கனில் பத்திலொரு பங்கு பிந்தித்தான் காதில் விழும். எல்லாம் ஒரே நேரத்தில் விழவேண்டும் என்ற கட்டாயமே பெரஹெராவில் கிடையாது. போனின் சுணக்கமும் அந்தக் கூட்டத்தில் பெரிதாகத் தெரியாது. கட்டத்தைப் போல இதுவும் பலவீனத்தை மறைக்கிறது, ஆனால் நம் ஊர் வழியில்.

நெருப்பில் காயும் தப்பு

ஹந்தானையிலும் தெல்தோட்டையிலும் புசல்லாவையிலும் ஒலிப்பது வேறு தோல். தேயிலைத் தோட்டங்களில் விடியலில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூட்டும் இடத்துக்கு, ஆட்களை எழுப்பியது தப்பு என்ற மேளம். மாசியில் காமன் கூத்துக்கும், சாமிக்கும், கல்யாணத்துக்கும், சாவுக்கும் அடிப்பதும் அதுவே. ஒரு கையில் குட்டையான அடிக்குச்சி, மறு கையில் மெலிந்த நீளமான சிண்டுக்குச்சி. அடிக்கும் முன் நெருப்புப் போட்டுத் தோலைக் காய்ச்சுவார்கள். காயக் காய இறுகி ஒலி மேலேறும். மலைப் பனியில் சற்று நேரத்தில் தளரும், மறுபடி நெருப்பு.

திரை வடிவமைப்பாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு தப்பு, ஒரு நெருப்பு. தப்பை இழுத்து நெருப்பருகே பிடித்தால் சுருதி ஏறும். அதிகம் பிடித்தால் கருகும், அதாவது பிழை செய்யவும் இடம் உண்டு. எடுத்து அடித்தால் பனி மெல்ல இறங்கும், சுருதியும் இறங்கும். சுருதி திருத்த ஒரு சறுக்குப் பட்டையும் அதன் கீழே ஒரு எண்ணும் வைப்பது எல்லாச் செயலியிலும் உள்ள வழக்கம். அந்தப் பட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு நெருப்பை வைத்தால், ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு எந்த விளக்கமும் வேண்டியதில்லை. நகரத்துப் பிள்ளை தப்பைப் பற்றி ஒன்றைக் கற்றுக்கொள்ளும்.

ஆனால் எல்லா அடியையும் விளையாட்டுக்குள் போட முடியாது. மங்கல காரியத்தின் தொடக்கத்தில் வாசிக்கும் மகுல் பெரவுக்கும், சாவு வீட்டில் கேட்கும் அடிக்கும் உரிய இடம் உண்டு. பிறந்தநாள் காணொளிக்குப் பின்னணியாக அவை ஓடினால் முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. தப்பின் கதை இன்னும் கனமானது. அடித்தவர்களைச் சாதி சொல்லித் தள்ளிவைத்த ஊரில், அவர்கள் கருவியை மட்டும் வண்ணப் பொம்மையாக்கி விற்பது எனக்கு ஒப்பாது. எந்த அடியைச் செயலியில் சேர்க்கலாம், எதை விடலாம் என்பதை அடிப்பவர்களிடமே கேட்க வேண்டும். மென்பொருள் எழுதுவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை அது. திரையைக் காகிதத்தில் வரைந்து நாலு பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்ப்பதும் அதே கட்டத்தில் வரவேண்டும். எங்கே விரல் வைப்பது என்று ஒரு பிள்ளை கேட்டாலே அந்தப் படம் தோற்றுவிட்டது.

ஒலிப்பதிவுதான் பெரிய செலவு. ஒரே 'தத்'தை ஒருமுறை பதிந்து திரும்பத் திரும்ப ஓடவிட்டால் இயந்திரத் துப்பாக்கிபோல் கேட்கும், காது இரண்டாவது சுற்றிலேயே கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு சொல்லையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று பல வலுவில், ஒவ்வொரு வலுவிலும் சில முறை அடித்துப் பதிய வேண்டும். பெரயவுக்கு நான்கு சொல், தவுலவின் இரு பக்கம், இரட்டைத் தம்மெட்டம, காயாத தப்பு, காய்ந்த தப்பு என்று கணக்கிட்டால் நூற்றுக்கணக்கான அடிகள். அவற்றைச் சுருக்கி, டேட்டா இல்லாத போனிலும் ஓடுமளவுக்குச் சிறிய செயலியாக்க வேண்டும். செய்த இசையை ஒரே தொடுதலில் வட்ஸ்அப்பில் அனுப்பவும் வழி வேண்டும். எலெக்ட்ரோபிளாங்டனில் சேமிக்கும் வசதியே இருக்கவில்லை. அந்தக் கலைப் பிடிவாதம் இங்கே எடுபடாது, பிள்ளைகள் முதலில் தேடுவது அந்தப் பொத்தானைத்தான்.

எலெக்ட்ரோபிளாங்டன் தன்னை உருவாக்கியவரின் பெயரோடு அறியப்படுகிறது. இங்கே அடித்துக் கொடுத்தவரின் பெயர் முதல் திரையிலேயே வரவேண்டும். ஒரு நாள் கூலியோடு அவரை அனுப்பிவிடாமல், செயலி விற்கும் காலமெல்லாம் அவருக்குப் பங்கு போகும்படி ஒப்பந்தம் எழுதலாம். அது எழுதப்படும்வரை மைக்கைத் திறக்காமல் இருப்பதே நல்லது.